கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கட்டும்

அரசு ஊழியர்களுக்கும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்ற பேச்சு எங்கள் வாட்ஸப் குழுக்களில் இன்னும் ஓயவில்லை. கொரோனா நேரத்தில் முடிந்தது, இப்போது மட்டும் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். நானும் அரசு ஊழியர்தான். சென்னை பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் உதவியாளர், குடியிருப்பது தண்டையார்பேட்டை. எல்லோருக்கும் பொதுவாக இந்தக் கோரிக்கையை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"முடிந்தது" என்கிறோமே, என்ன முடிந்தது? 2020 மே 18 முதல் தமிழக அரசு அலுவலகங்கள் பாதி ஆட்களோடு இயங்கின. திங்கள், செவ்வாய் ஒரு குழு. புதன், வியாழன் அடுத்த குழு. வெள்ளி, சனி மறுபடி முதல் குழு. மேலதிகாரிகள் மட்டும் எல்லா நாளும் வந்தார்கள். நம் முறை இல்லாத நாளில் வீட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஓட வேண்டும். எங்கள் பிரிவில் கோப்புகள் எல்லாம் அப்போது காகிதம். அவை பீரோவுக்குள் இருந்தன, பீரோ சாவி அந்தந்த சீட்காரர் கையில் இருந்தது. கிருமி பரவாமல் இருக்க அந்த ஏற்பாடு தேவைப்பட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதை வேலை நடந்ததற்கு உதாரணமாகக் காட்டாதீர்கள்.

அந்த மே மாதம் சென்னையிலேயே தொற்று அதிகம் இருந்தது ராயபுரம் மண்டலத்தில். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பகுதிக்காரர்கள். காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வருவார். தெருவில் மீன் விற்பவர். கணவர் இறந்த பிறகு ஆவணங்களில் பெயரைச் சரிசெய்ய அலைந்துகொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு இனிஷியல். "அந்த சார் இன்னிக்காவது வந்துக்கீறாராம்மா?" என்பதுதான் வந்ததும் அவருடைய முதல் கேள்வி. சார் வேறு குழு. நான் சொல்ல முடிந்தது "புதன்கிழமை வாங்கம்மா" மட்டும்தான். புதன்கிழமை சார் இருப்பார், கையெழுத்துக்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய இன்னொருவர் இருக்க மாட்டார். பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்த அசல் சான்றிதழ்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவர் படியிறங்குவார். அன்றைய வியாபாரமும் போயிருக்கும்.

2021 கடைசியில் கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் வந்தது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த தொகை அது. அதற்குள் நாங்கள் முழு ஆட்களோடு வந்துகொண்டிருந்தோம். சான்றிதழில் கோளாறு என்று வந்தவர்கள் நிறைய. மகன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், முகவரி பழையதாக இருக்கும். அப்போது வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்தேன். எதிர் சீட்டுக்கு எழுந்துபோய் பழைய பதிவேட்டைப் புரட்டி, சூப்பிரண்டெண்ட் மேஜையில் வைத்து விளக்கிச் சொல்லி, ஒரே மதியத்தில் முடித்து அனுப்பிய விண்ணப்பங்கள் உண்டு. சுழற்சி முறையில் வாரக்கணக்கில் இழுத்திருக்கக்கூடிய வேலை. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவரின் பிரச்சினை அவர் எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் முழுதாக வெளியே வரும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து ரசீது வாங்குவதோடு அது முடிவதில்லை.

ஐடி கம்பெனியோடு நம்மை ஒப்பிடுகிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் வேறு நாட்டில் இருக்கிறார். நம்மைத் தேடி வருகிறவர் கொருக்குப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறார். ஊரடங்கிலும் துறைமுகம் ஓடியது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வார்டு ஓடியது, குப்பை வண்டி ஓடியது. அந்த வேலைகளைச் செய்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான் இன்று நம் கவுன்ட்டரில் நிற்கிறார்கள்.

இன்னொன்று. வீடு, வீடு என்கிறோம், எந்த வீடு? மண்ணடியிலும் ராயபுரத்திலும் ஒரு ஹால், ஒரு சமையலறையில் ஐந்து பேர் இருக்கும் ஊழியர்கள் எத்தனை பேர்! மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, மாமியாருக்கு மருந்து. அலுவலகம் திறந்தபோது "அப்பாடா" என்று பெருமூச்சு விட்ட பெண் ஊழியர்கள் பலரை எனக்குத் தெரியும். தனக்கென்று ஒரு மேஜையும் நாற்காலியும் அவர்களுக்கு அங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை வந்தால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில்தான் விழும்.

சரி, அப்போது யாருக்குமே கூடாதா என்றால், கட்டாயம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் மத்திய அரசு தன் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்கு கொடுத்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 7 முதல் எந்த விலக்கும் இல்லாமல் எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த விலக்கை எடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. தொற்று குறைந்ததும் ஒருவருடைய கால் குணமாகிவிடுமா?

எங்கள் நண்பர் ஒருவர் காலில் கேலிப்பர் என்னும் தாங்குகருவி போட்டிருப்பவர், மீஞ்சூரிலிருந்து வருகிறார். 2020 செப்டம்பர் 1 முதல் மாநில அலுவலகங்களுக்கு நூறு சதவீத வருகை என்றார்கள். மின்சார ரயில் அப்போது ஓடவில்லை. அத்தியாவசியப் பணியாளர்களுக்கென்று அக்டோபர் 5-ல்தான் விட்டார்கள். அதுவரை அவர் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது, அதையும் தாண்டி இருக்கும் மீஞ்சூர்க்காரருக்கு அதனால் என்ன லாபம்? இன்றும் கூட்டத்தில் இடிபட்டு பீச் ஸ்டேஷனில் இறங்கி, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறுகிறார். இப்போது அவருடைய கோப்புகள் எல்லாம் இ-ஆபீஸில், அதாவது கம்ப்யூட்டரில், இருக்கின்றன. பொதுமக்கள் யாரும் அவர் சீட்டுக்கு வருவதில்லை. அவர் அந்தப் படிகளை ஏறுவதால் யாருக்கு என்ன பயன் என்று எந்த அதிகாரியாவது சொல்லட்டும்.

2020 மே மாதம் டெல்லியில் ஒரு வரைவு போட்டார்கள், மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 15 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று. எல்லோருக்கும் பதினைந்து நாளைப் பிரித்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை. என் நண்பருக்கு வருடம் முழுக்கத் தேவை. எனக்கு ஒரு நாளும் தேவையில்லை.

எங்கள் ஊழியர் சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை என்பது மேலதிகாரியின் கருணையாக இல்லாமல் அரசாணையாக வேண்டும். அப்புறம், மக்கள் வந்துபோகும் ஒவ்வொரு சீட்டுக்கும், அந்த ஆள் இல்லாத நாளில் அதே கோப்பைத் திறந்து பதில் சொல்ல இன்னொருவர் பெயர் பலகையில் எழுதியிருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. "அனைவருக்கும் வாரம் இரண்டு நாள்" என்று வந்தால் நான் போட மாட்டேன், வாட்ஸப் குழுவில் என்ன திட்டினாலும் சரி.