கழுகும் அசையலை, அத்தையும் அசையலை

(கூடம். ஒரு சொம்பில் சாய்ந்து நிற்கிறது, கழுகுக் கூட்டின் கேமரா நேரலை ஓடும் செல்போன். அதன் எதிரே நோட்டும் பேனாவுமாக கோமதி. மருமகள் செல்வி பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.)

செல்வி: அத்தை, படம் நின்னுபோச்சு.

கோமதி: நிக்கலை.

செல்வி: நான் துணி மடிக்க உட்காரும்போது இந்தக் கழுகு இப்படித்தான் இருந்துச்சு. மடிச்சு முடிச்சு பீரோவுலயும் அடுக்கிட்டேன். இன்னும் அப்படியே இருக்கு. நெட் போயிருக்கும்.

கோமதி: மேல வலது மூலைல கடிகாரம் தெரியுதா? நொடி ஓடினா படமும் ஓடுதுன்னு அர்த்தம். சில கேமராவுல கடிகாரம் இருக்காது. அப்போ முதுகு இறகைப் பாரு, காத்துல லேசா தூக்கும்.

செல்வி: கண்ணைக்கூட சிமிட்ட மாட்டேங்குதே!

கோமதி: சிமிட்டுது. அதுக்கு உள்ளே இன்னொரு இமை உண்டு, பக்கவாட்டுல வெள்ளையா வந்துட்டுப் போகும். நீயும் அதே நேரத்துல சிமிட்டினா ரெண்டு பேருக்கும் தெரியாது.

செல்வி: ஆக, அது உட்கார்ந்திருக்கிறதை நீங்க உட்கார்ந்து பார்க்கறீங்க.

கோமதி: அது சும்மா உட்காரலைம்மா, அடைகாக்குது. வெண்தலைக் கழுகு. முட்டை ரெண்டு. முதல் முட்டைக்கு இன்னிக்கு 36 நாள். 35 நாள்தான் கணக்கு, ஒண்ணு ரெண்டு நாள் முன்னே பின்னே ஆகும். அதான் ரெண்டு நாளா இந்த இடத்தை விட்டு நகர முடியலை.

செல்வி: (நோட்டைப் புரட்டி) "2:10 எழுந்தது. 2:11 முட்டையை உருட்டியது. 2:12 உட்கார்ந்தது." எங்க ஆபீஸ் வருகைப் பதிவேடே இவ்வளவு சுத்தமா இருக்காது.

கோமதி: உருட்டறது முக்கியம். அப்படியே விட்டா கரு ஓட்டோட உள்தோல்ல ஒட்டிக்கும். அப்புறம் அது முட்டைக்கிட்ட நடக்கும்போது காலைப் பாரு. விரலையெல்லாம் மடக்கி, முஷ்டி மாதிரி வச்சு நடக்கும். நகம் பட்டா ஓடு ஓட்டையாயிடும்ல?

செல்வி: நெயில் பாலிஷ் காயறதுக்குள்ள வாசல்ல பெல் அடிச்சா நான் நடக்கிற மாதிரியே இருக்கு. அத்தை, அத்தை! இன்னொண்ணு வந்துருச்சு. கொஞ்சம் சின்னது. பொண்டாட்டியா?

கோமதி: புருஷன். இந்த இனத்துல பொண்ணுதான் பெரிசு. வேட்டைப் பறவைகள்ல பெரும்பாலும் அப்படித்தான். ரெண்டும் பக்கத்துல நின்னாத்தான் அளவு தெரியும். தனியா இருந்தா குரலை வச்சுக் கண்டுபிடி. ஆணுக்குக் கீச்சுன்னு இருக்கும், பொண்ணுக்குக் கொஞ்சம் கனமான குரல்.

செல்வி: வாயில என்ன, குச்சியா? முட்டை பொரிக்கிற நேரத்துல வீட்டுக்கு மராமத்து வேலையா?

கோமதி: அதுங்க வருஷா வருஷம் அதே கூட்டுல குச்சி சேர்த்துக்கிட்டே போகும். அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் 1963ல ஒரு கூட்டை அளந்தாங்க. 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம். எடை ரெண்டு டன்னுக்கும் மேல.

செல்வி: எதையும் தூக்கிப் போட மனசு வராத குடும்பம் போல.

(ஆண் குச்சியை வைக்கிறது. பெண் அதை எடுத்து வேறு பக்கம் வைக்கிறது. ஆண் மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைக்கிறது.)

செல்வி: இது எனக்குத் தெரிஞ்ச சண்டை. சோபாவை எந்தச் சுவர்ல போடறதுன்னு... ஐயையோ! பொண்ணு பறந்துருச்சு, அவரு குச்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு, அந்தக் கிளையில அண்டங்காக்கா! ஓய்! முட்டை, முட்டை!

கோமதி: கத்தாதே. நீ பார்க்கறது முப்பது நொடி பழசு. கேமராவுல இருந்து நம்ம போனுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். நடக்க வேண்டியது அங்கே நடந்து முடிஞ்சிருக்கும். பாரு, உட்கார்ந்துட்டாரு.

செல்வி: (நெஞ்சைப் பிடித்து) நான் வெறும் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், அத்தை. ஆமா, காலையில என் மீட்டிங்ல எல்லார் முகமும் கட்டம் கட்டமா ஆச்சே, அதுக்கு இந்தக் குடும்பம்தான் காரணமா?

கோமதி: படத்தோட தெளிவை 1080ல வச்சிருந்தேன். மணிக்கு ரெண்டு ஜிபி வரைக்கும் இழுக்கும். 480ல வச்சா ரொம்பக் குறையும். ராத்திரி எப்படியும் கறுப்பு வெள்ளைதான், 480 தாராளம்.

(படம் கறுப்பு வெள்ளையாகிறது. கழுகின் கண்கள் பளீரென ஒளிர்கின்றன.)

செல்வி: அம்மாடி! பேயாட்டம்! பாவம், ராத்திரியெல்லாம் மூஞ்சிக்கு நேரே லைட்டா?

கோமதி: அகச்சிவப்பு வெளிச்சம். அது கழுகு கண்ணுக்குத் தெரியாது, அதுக்குச் சுத்தமா இருட்டுதான். அலைநீளம் 850 நானோமீட்டர் உள்ள விளக்கா இருந்தா நம்ம கண்ணுக்கு லேசா ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். 940ல அதுவும் தெரியாது, ஆனா வெளிச்சம் எட்டற தூரம் குறையும்.

செல்வி: இந்தக் குறுக்கே போற வெள்ளைக் கயிறு?

கோமதி: லென்ஸ் முன்னாடி சிலந்தி வலை. விளக்கு கேமராவுலயே இருந்தா பக்கத்துல இருக்கிற வலைமேல அடிச்சுத் திரும்பி வரும், நூலெல்லாம் கயிறாத் தெரியும். விளக்கைத் தனியா, தள்ளி மாட்டியிருக்கணும். இவங்க மாட்டலை. எனக்கு அதுல வருத்தம்தான்.

செல்வி: முட்டைமேல ஏதோ கறுப்பா இருக்கு, அத்தை.

கோமதி: (பாய்ந்து) எங்கே? நகராதே! பின்னாடி தள்ளு, ரெண்டு நிமிஷம். நேரலைன்னாலும் தள்ளலாம், அதை இழு. நிறுத்து. அகலமான முனையிலயா?

செல்வி: ஆமா.

கோமதி: குப்பையாவும் இருக்கலாம். புல்லு, பஞ்சு எல்லாம் முட்டையில ஒட்டும், ஆனா உருட்டினா உதிரும், இல்லை இடம் மாறும். விரிசல்னா அதே இடத்துல நிக்கும், ஓரம் பிசிறடிச்சு பெரிசாகும். ஒரு மணி நேரமா இவ எழுந்து எழுந்து தலையைச் சாய்ச்சுக் குனியறா. உள்ளேயிருந்து குஞ்சு சத்தம் போடுது.

செல்வி: (கிசுகிசுப்பாக) அப்போ இதோ வந்துரும்!

கோமதி: நாளைக்கு. இல்லைன்னா நாளன்னிக்கு. முதல் விரிசல்ல இருந்து வெளியே வர ஒரு நாள், ஒண்ணரை நாள் ஆகும். வராமலும் போகலாம். கலிஃபோர்னியாவுல பிக் பேர் ஏரிகிட்ட ஜாக்கி, ஷேடோன்னு ஒரு ஜோடி. 2024ல மூணு முட்டை, ஒண்ணுகூடப் பொரிக்கலை. நாள் தாண்டியும் அடைகாத்துச்சுங்க. 2025ல மூணும் பொரிச்சுது. பனிப்புயல்ல ஒண்ணு போச்சு, ரெண்டு பறந்துச்சு.

செல்வி: அதை இப்போ ஏன் சொல்றீங்க?

(பன்னிரண்டு நாள் கழித்து. நோட்டு செல்வி கையில்.)

செல்வி: அத்தை! பெரிசு சின்னதோட மண்டையிலேயே கொத்துது. அம்மாக்காரி பார்த்துக்கிட்டு மீனைக் கிழிச்சிட்டிருக்கா. அந்தக் கேமராக்காரங்களுக்கு எழுதுங்க, யாராவது ஏறிப் போய் விலக்கட்டும்!

கோமதி: ஆள் ஏறினா தாயும் தகப்பனும் பறந்துரும், குஞ்சு ரெண்டும் குளிர்ல விறைச்சுப் போகும். இதுங்க முதல் முட்டை இட்ட அன்னிக்கே அடைகாக்க ஆரம்பிச்சுதுங்க. அதனால மூத்தது ரெண்டு நாள் முந்திப் பொரிச்சிருச்சு. இந்த வயசுல ரெண்டு நாள் ரொம்பப் பெரிசு. பைரின்னு இன்னொரு வேட்டைப் பறவை, அது அப்படி இல்லை. கடைசி ஒண்ணு ரெண்டு முட்டை வர்ற வரைக்கும் சரியா உட்காராது, எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாப் பொரிக்கும், சண்டையும் குறைவு.

செல்வி: சின்னதுக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கலை.

கோமதி: பெரிசோட தொண்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி உப்பியிருக்கு பாரு, தீனிப்பை. அது ரொம்பினா தானா சாய்ஞ்சிரும். சின்னது அதுவரைக்கும் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கும், அப்புறம் முன்னால வரும். நீ கொத்தறதை எண்ணாதே, கூட்டுல மீதி மீன் கிடக்குதான்னு எண்ணு. மீன் இருந்தா பயமில்லை.

செல்வி: ரெண்டரை இருக்கு.

கோமதி: எழுது.

(ஐந்து வாரம் கழித்து. சின்னது பின்பக்கமாக நடந்து கூட்டின் ஓரத்துக்கு வருகிறது. வாலைத் தூக்குகிறது. திரை முழுக்க வெள்ளை.)

செல்வி: (துப்பட்டாவால் போனைத் துடைத்து) போக மாட்டேங்குது.

கோமதி: அது அந்தப் பக்கம்மா.

செல்வி: யார் துடைப்பா?

கோமதி: ஒருத்தரும் போகக் கூடாது. குஞ்சு பறக்கற வரைக்கும் கூட்டுப் பக்கம் ஆளே கிடையாது. மொத்தம் பத்துல இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், இதுங்களுக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு. அதனாலதான் கேமரா, ஒயர் எல்லாம் முட்டை இடறதுக்கு முன்னாடியே மாட்டிச் சோதிக்கணும்கிறது. வைப்பர் இருக்கிற கேமராவும் உண்டு, இதுல இல்லை. மழை வந்தா கழுவும்.

செல்வி: மழை எப்போ வரும்?

கோமதி: அந்த ஊர் வானிலையைப் போட்டுப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை.

செல்வி: (திரையில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து) இடது மூலைல ஒரு காசளவு தெரியுது. வால் மட்டும். பெரிசோடதா, சின்னதோடதா?

கோமதி: முதல்ல நடந்ததை எழுது. 4:17. சின்னது.

செல்வி: தூரம் ரெண்டு மீட்டர்னு போடட்டுமா?

கோமதி: ஒண்ணரைன்னு போடு. கேமரா அவ்வளவு தூரத்துலதான் இருக்கு. அது தடுக்காம இருந்தா எவ்வளவு போயிருக்கும்னு நமக்குத் தெரியாது.