மோட்டாருக்கு 10 வருஷ வாரண்டி, சரி. மெஷினுக்கு எத்தனை வருஷம்?

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அந்த ஸ்டிக்கர்தான். ‘10 ஆண்டு மோட்டார் வாரண்டி’. சில மாடல்களில் 20 ஆண்டு என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். படிக்கிற யாருக்கும் மெஷின் அத்தனை வருஷம் உழைக்கும் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பெரிய எழுத்தில் ஒட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் வாரண்டி அட்டையைப் பொடி எழுத்து வரை படித்துப் பாருங்கள். முழு மெஷினுக்குப் பெரும்பாலும் 2 வருஷம், சில கம்பெனிகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். பத்து வருஷம் என்பது மோட்டார் என்ற ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும்.

எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், அந்த மோட்டார் கெட்டுப்போவதே அபூர்வம். இன்வெர்ட்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, தேய்ந்து போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. கெடாத பாகத்துக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? நம் வீடுகளில் உயிரை விடுகிறவை வேறு. பி.சி.பி. போர்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு), அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்பு, தண்ணீர் உள்ளே விடும் வால்வு, கதவு ரப்பர், ஹீட்டர், டிரம்மைச் சுழலவிடும் பேரிங். இவற்றில் எதன் பெயரையாவது ஸ்டிக்கரில் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டில் போனது பேரிங். ஃபிரன்ட் லோடு மெஷின், வாரண்டி முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஸ்பின் ஓடும்போது பக்கத்து வீட்டில் கேட்கிற அளவுக்கு இரைச்சல். சர்வீஸ் ஆள் வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். டிரம் லொடலொடவென்று ஆடியது. கையால் சுற்றினால் உள்ளே கரகரவென்ற சத்தம். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் டப்பின் நடுவிலிருந்து கீழே வரை துரு நிறத்தில் தண்ணீர் வடிந்த தாரை. “ரப்பர் சீல் போய் பேரிங்ல தண்ணி எறங்கிடுச்சு மேடம்” என்றார். சரி, பேரிங்கை மாற்றுங்கள் என்றேன். “அது முடியாது மேடம், டப் சீல்டு. ஃபுல் டப் அசெம்பிளிதான் மாத்தணும்.” அவர் சொன்ன விலை, கூலியும் வரியும் சேர்த்து, ஒரு புது மெஷினில் பாதிக்கு மேல். அதோடு நிறுத்தவில்லை. “இதுக்குப் பேசாம புதுசே எடுத்துடலாம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு” என்று அடுத்த மாடலின் படத்தைப் போனில் காட்டினார்.

அந்த ஆள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அது. கோபமெல்லாம் அந்த டப்பை அப்படி வடிவமைத்தவர்கள் மேல்தான். பேரிங் என்பது என்ன பெரிய தேவலோகப் பொருளா? 6205, 6206 என்று எண் போட்ட சாதாரண பால் பேரிங். இரும்புச் சாமான் தெருவில் எந்த பேரிங் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டப்பின் முன்பாதியையும் பின்பாதியையும் ஸ்குரூ போட்டு இணைத்திருந்தால், கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதையும் ஒரு சீலையும் அடித்து மாட்டினால் வேலை முடிந்தது. ஸ்குரூவுக்குப் பதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்ப் பாகத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் டப்பையும், நன்றாக இருக்கும் ஸ்டீல் டிரம்மையும் சேர்த்துக் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.

முடியாது என்பதும் பொய். எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் அந்த டப்பை ஆக்சா பிளேடால் ஒட்டு வழியாகவே வட்டமாக அறுத்தார். பேரிங்கையும் சீலையும் மாற்றி, விளிம்பைச் சுற்றித் துளை போட்டு, சிலிக்கான் சீலன்ட் தடவி, போல்ட் நட்டு போட்டு இறுக்கினார். மெஷின் இன்றும் ஓடுகிறது. தெருமுனையில் ஒரு மனிதர் ஆக்சா பிளேடை வைத்துக்கொண்டு செய்ததைத் தொழிற்சாலையில் முதலிலேயே செய்து கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்?

இத்தனைக்கும் அப்புறம்தான் அக்கா வீட்டுக்கு ஒரு மெஷின் பார்க்கக் கடை கடையாக ஏறினோம். இந்தத் தடவை நான் கேட்டது ஒரே விஷயம்தான்: “தம்பி, இதுல டப் ஸ்குரூ போட்டதா, ஒட்டினதா?” எந்தக் கடையிலும் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஸ்பின் 1400 ஆர்.பி.எம். என்று தெரிகிறது. நீராவி வாஷ், வைஃபை, ஏ.ஐ. என்று வரிசையாகச் சொல்லத் தெரிகிறது. போர்டு போனால் விலை என்ன, பம்பு என்ன விலை, இந்த மாடல் நின்றுபோனால் எத்தனை வருஷத்துக்குப் பாகம் கிடைக்கும் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் தினமும் போடுவது இரண்டு, மூன்று புரோகிராம்தான். ஆபீஸிலிருந்துகொண்டு போனில் மெஷினை ஓடவிட எந்த அம்மாவும் கேட்டதில்லை. நாங்கள் கேட்பது, போட்ட காசுக்கு உழைக்கிற ஒரு சாமான்.

நட்சத்திர லேபிளைப் பார்த்து வாங்குங்கள் என்கிறார்கள். அந்த நட்சத்திரம் சொல்வது கரன்ட், தண்ணீர்ச் செலவை மட்டும். மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது தாம்பரம் தாண்டி, முழுக்க போர்வெல் தண்ணீர். பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை படியும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை (கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகை உப்பை) ஏற்கலாம் என்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. புறநகரில் பல போர்வெல்களில் அதற்கும் மேலே போகும். இந்தத் தண்ணீரைச் சுடவைத்தால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறும், வால்வு வடிகட்டி அடைக்கும், சோப்பு சரியாக நுரைக்காததால் இன்னும் பவுடரைக் கொட்டுவோம், கரையாத பவுடர் டிரம்முக்குப் பின்னால் போய் அப்பும். டிரம்மைத் தாங்குகிற அலுமினியக் கை அதில் கிடந்து அரித்துப் பொடியாகும். விற்கிறவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் உப்புத் தண்ணீரால் வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையில் எழுதிவைக்கிறார்கள். எலி வயரைக் கடித்தால் கிடையாது. பல்லி போர்டில் ஏறிச் செத்து ஷார்ட் ஆனால் கிடையாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் கிடையாது. போர் தண்ணீரும் எலியும் பல்லியும் வோல்டேஜும் இல்லாத வீடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? இந்த ஊரில் விற்கிற மெஷினை இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டாமா? அடியில் ஒரு எலித் தகடு அடித்துத் தருவதைக்கூட விலையைக் குறைக்கிற சாக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் போட்டால் இது நடக்கும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 2021 மார்ச் முதல் அங்கே வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனி, ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 வருஷம் உதிரிபாகம் தந்தாக வேண்டும். ஆர்டர் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். பேரிங், பம்பு, போர்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிரான்ஸில் 2021 முதல், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று மெஷினோடு காட்ட வேண்டியிருந்தது; 2025-ல் அதன் இடத்தில், எவ்வளவு உழைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் மதிப்பெண் வந்துவிட்டது. ஜெர்மனியின் மீலே கம்பெனி, தன் மெஷின்களை 20 வருஷ உபயோகத்துக்கு நிகராகச் சோதிப்பதாகச் சொல்கிறது. அதன் விலை நமக்குக் கட்டாது, ஆனால் செய்ய முடியும் என்பது தெரிகிறதே.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ (பழுது பார்க்கும் உரிமை) என்று ஒரு போர்ட்டல் தொடங்கியது. கம்பெனிகள் சர்வீஸ் விவரங்களைப் போடலாம். ஆனால் ‘போடலாம்’ என்பதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? பாகம் இத்தனை வருஷம் தந்தே ஆக வேண்டும், டப்பைக் கழற்றக்கூடியதாகச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமாக வர வேண்டும். அந்த விவரம் நட்சத்திர லேபிளுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்குப் போகும் முன் உங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போங்கள். எந்த கம்பெனி பாகம் சுலபமாகக் கிடைக்கிறது, எந்த மாடல் டப்பைக் கழற்ற முடியும், எதன் போர்டு அடிக்கடி ரிப்பேருக்கு வருகிறது என்று அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார். அம்மா வீட்டு செமி ஆட்டோமேட்டிக்கில் பெல்ட், டைமர், கெப்பாசிட்டர் எல்லாம் மாறியிருக்கின்றன, ஒரு தடவைகூடக் கம்பெனியைக் கூப்பிட்டதில்லை. கையால் துணியை மாற்றிப் போட உடம்பு ஒத்துழைக்கும் வீடுகளுக்கு அதுதான் இன்றைக்கும் நீடித்து உழைக்கிற சாமான் என்பேன். முழு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் போர்டு, பம்பு, டப் அசெம்பிளி மூன்றின் விலையையும் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். அக்காவுக்கு இன்னும் மெஷின் எடுக்கவில்லை. அந்த மூன்று விலையையும் எழுதித் தருகிற கடையில்தான் எடுப்பதாக இருக்கிறோம்.