கறுத்த சுருட்டு எல்லாம் காரமான சுருட்டு இல்லை

அண்ணே, "மேல் இலை கறுத்திருந்தா காரம், வெளுத்திருந்தா லேசு"ன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. நம்ம யாங்கோன் பெட்டிக்கடையில தொங்குற பர்மாச் சுருட்டையே பாருங்க. சுத்தியிருக்கிற அந்தப் பச்சை இலை புகையிலையே இல்லை, தனபெட். நம்ம நறுவிலி சாதி மரத்து இலை. அதுல நிக்கோட்டின் ஏது? காரம் பூரா உள்ளே திணிச்ச தூள்லதான்.

கியூபா, நிகராகுவா சுருட்டுல மேல் இலையும் புகையிலைதான், ஆனா நிறத்தை வெச்சுக் காரம் சொல்ல முடியாது. மடுரோங்கிற கறுத்த மேல் இலை கறுக்கிறது ரொம்ப நாள் புளிக்க வைக்கிறதால. பல நேரம் இனிப்புதான் தூக்கலா இருக்கும். தலையைச் சுத்த வைக்கிறது லிகெரோ, செடியோட உச்சியில வெயில் குடிச்ச இலை. அதை உள்ளே எவ்வளவு வெச்சாங்கங்கிறதுதான் கணக்கு. வெளுத்த கனெக்டிகட் இலைன்னு நம்பி வெறும் வயித்துல ஒண்ணைப் பிடிச்சேன். பாதியிலேயே வேர்த்துக்கொட்டி, படிக்கட்டுல உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணி குடிச்சேன்.

மேல் இலைக்குச் சுவையில பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கலை. ஆனா வாயை நிறைக்கிற கனம் வேற, நிக்கோட்டின் அடி வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டீங்க.