ஆரஞ்சு பாக்கெட்டில் ஏறிய 12 ரூபாய் மாட்டுக்காரருக்கா போனது?

"ஆவின் பால் லிட்டருக்கு 12 ரூபாய் ஏறியதே, அந்தப் பணம் மாட்டுக்காரர்களுக்குத்தானே போனது? அப்புறமும் எதற்குப் பாலை ரோட்டில் கொட்டினார்கள்?" என்று ஒரு வாட்ஸப் தகவல் சுற்றுகிறது. 12 ரூபாய் ஏறியது உண்மை. ஆனால் அது அப்படியே மாட்டுக்காரர் கைக்குப் போகவில்லை.

2022 நவம்பரில் ஆவினின் ஆரஞ்சு பாக்கெட்டின் (கொழுப்பு அதிகமுள்ள பால்) சில்லறை விலை லிட்டருக்கு 48லிருந்து 60 ரூபாயானது. அரை லிட்டர் 24க்குப் பதில் 30. மாதாந்திர அட்டை வைத்திருந்தவர்களுக்கு 46 ரூபாய் அப்படியே நின்றது. பச்சை, நீல பாக்கெட்டுகளும் ஏறவில்லை. அதே சமயம் மாட்டுக்காரரிடம் ஆவின் பால் வாங்கும் கொள்முதல் விலை லிட்டருக்கு ஏறியது 3 ரூபாய்தான்: பசும்பால் 32லிருந்து 35, எருமைப்பால் 41லிருந்து 44.

அந்த 35ம் எல்லோருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. விடியற்காலையில் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கேனை இறக்கியதும் கொஞ்சம் பாலெடுத்துக் கொழுப்பையும் மற்ற சத்தையும் பார்ப்பார்கள். அளவு குறைந்தால் விலையும் குறையும். புண்ணாக்குக் கடைக்காரர் அப்படியெல்லாம் குறைத்துக்கொள்ள மாட்டார்!

2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் பாலைக் கொட்டிப் போராடியது இதனால்தான். பசும்பாலுக்கு 42, எருமைப்பாலுக்கு 51 ரூபாய் கேட்டார்கள். அந்த டிசம்பரில் லிட்டருக்கு மேலும் 3 ரூபாய் வந்தது. அப்போதும் பசும்பால் 38தான்.