ஆண்கள் சங்கம் என்றாலே ஆணாதிக்கம் என்று எழுதிவிடுவதா?

போன ஞாயிற்றுக்கிழமை ஜூம் உரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு எந்த இடம் என்று தெரியும். கேட்காதவர்கள் என் முந்தைய பதிவின் கமெண்டில் நடந்த சண்டையையாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்கச் சீர்திருத்த யூதம் (பழைய மத விதிகளைக் காலத்துக்கேற்ப மாற்றிய யூதப் பிரிவு) பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர், அதன் ஆலயங்களில் இருக்கும் ஆண்கள் சங்கங்களை இரண்டே வரியில் முடித்துவிட்டார். பெண்களை வெளியே நிறுத்திவிட்டு ஆண்கள் கூடி டிபன் சாப்பிட்ட இடமாம், ஆணாதிக்கத்தின் மிச்சமாம். அதற்குக் கைதட்டல் எமோஜி வேறு. நான் ஆண்டுகளைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்டபோது, "டிபன் சங்கத்துக்கு வக்காலத்தா?" என்று ஒரு பதில் வந்தது. அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுகள். சீர்திருத்த யூத ஆலயங்களின் பெண்கள் சங்கங்கள் தேசிய அளவில் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு அமைத்தது 1913-ல். நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் டெம்பிள் சிஸ்டர்ஹுட்ஸ். ஆண்களின் கூட்டமைப்பு, நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் டெம்பிள் பிரதர்ஹுட்ஸ், வந்தது 1923-ல். முழுசாகப் பத்து வருஷம் கழித்து. பெண்களை வெளியே நிறுத்த வந்தவர்கள், பெண்கள் உள்ளே வந்து, அமைப்பு கட்டி, நிதி திரட்டி, பத்து வருஷம் ஓட்டிய பிறகா வருவார்கள்? ஆலயத்தில் ஆண்கள் இல்லை. அதனால்தான் ஆண்கள் சங்கம் வந்தது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஏன் இல்லாமல் போனார்கள்? மரபு யூதத்தில் பொதுத் தொழுகை நடக்க 13 வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளைத் தேடித் தெருவுக்கு ஓடுவார்கள். அதாவது ஒரு சாதாரண ஆண், பணமோ படிப்போ இல்லாதவன்கூட, வராவிட்டால் காரியம் நின்றுவிடும். சீர்திருத்த யூதம் இதை மாற்றியது. 1851-ல் ஆல்பனி நகரில், இந்த இயக்கத்தின் முன்னோடி ஐசக் மேயர் வைஸின் சபையில், ஆணும் பெண்ணும் தனித்தனியாக இல்லாமல் குடும்பமாகச் சேர்ந்து உட்காரும் வழக்கம் வந்தது. 1885-ல் சீர்திருத்த ரபிகள் (மதகுருக்கள்) வெளியிட்ட பிட்ஸ்பர்க் பிரகடனம் உணவு, உடை விதிகளைக் கழித்துக் கட்டியது. ஆர்கன் வாத்தியம் வந்தது, பாடகர் குழு வந்தது, ஆங்கிலம் வந்தது. ரபி நடத்துவார், சபை உட்கார்ந்து கேட்கும். இதில் பெரும்பாலானவற்றை நான் வரவேற்கிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் விளைவு என்ன? யார் வராவிட்டாலும் எதுவும் நிற்காது என்ற நிலை.

அதோடு சனிக்கிழமை, அதாவது யூதர்களின் ஓய்வுநாள். ஜவுளிக்கடை, டிபார்ட்மெண்ட் ஸ்டோர் வைத்திருந்த யூதர்களுக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். ஓய்வுநாள் தொழுகையில் பெஞ்சு நிறையப் பெண்களும் குழந்தைகளும்தான். சிகாகோ சினாய் சபை கடைசியில் முக்கியத் தொழுகையையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டது. ஆண்களை வரவைக்க ஓய்வுநாளையே நகர்த்திப் பார்த்தவர்கள் அவர்கள்! நம் பேச்சாளர் இதையெல்லாம் படிக்கவில்லையா, படித்தும் விட்டுவிட்டாரா?

"அப்போ நிர்வாகக் குழு முழுக்க ஆண்கள்தானே?" என்று கேட்பீர்கள். ஏறக்குறைய ஆமாம். ரபியை நியமிப்பது, கட்டடம் எழுப்புவது, சந்தா நிர்ணயிப்பது எல்லாம் டிரஸ்டிகள் கையில். டிரஸ்டிகள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் வசதியான ஆண்கள். ஆணாதிக்கம் பேச வேண்டுமா, அங்கே போய்ப் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் டிரஸ்டிகள் ஒரு கைப்பிடி. மீதி ஆண்களுக்கு ஆலயத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை. அந்த மீதிப் பேருக்கானது சங்கம். அதிகாரம் இருந்த அறையை விட்டுவிட்டு, நாற்காலி மடித்து அடுக்கியவனைப் பிடித்து ஆதிக்கவாதி என்பது எந்த ஊர் நியாயம்?

1923-ஐ ஒட்டிய வருஷங்களையும் பாருங்கள். ரோட்டரி 1905, கிவானிஸ் 1915, லயன்ஸ் 1917 என்று ஊர் ஊராக ஆண்களின் சேவைச் சங்கங்கள் கிளம்பிய காலம். அதே ஊர்களில் பல கன்ட்ரி கிளப்புகளின் கதவு யூதர்களுக்கு மூடியிருந்தது. 1920-ல் ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை யூத வெறுப்புத் தொடரைத் தொடங்கியது. 1922-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப் பார்த்தார். 1924-ல் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை ஏறக்குறையச் சாத்தியது. இந்தச் சூழலில் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கூடிய ஆண்களைச் சும்மா சாப்பிட வந்தவர்கள் என்று சொல்ல ஒரு மனது வேண்டும்.

அந்தப் பிரதர்ஹுட்காரர்கள் 1939-ல் எதைத் தோளில் ஏற்றுக்கொண்டார்கள் தெரியுமா? ஜூயிஷ் ஷட்டாக்குவா சொசைட்டியை. 1893-ல் ஃபிலடெல்ஃபியாவில் ரபி ஹென்றி பெர்கோவிட்ஸ் தொடங்கியது. சீர்திருத்த ரபிகளைப் பயிற்றுவிக்கும் ஹீப்ரு யூனியன் காலேஜில் 1883-ல் பட்டம் பெற்ற முதல் நால்வரில் ஒருவர் அவர். யூதர்களுக்கு யூதக் கல்வி கொடுக்கத் தொடங்கிய அமைப்பு, பிறகு ரபிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக் கிறிஸ்தவ மாணவர்கள் முன்னால் பேச வைத்தது. யூதர் ஒருவரை நேரில் பார்த்தே இராத மாணவர்கள் உட்கார்ந்த வகுப்புகளில் ஒரு ரபி போய் நின்று கேள்விக்குப் பதில் சொல்வார். கல்லூரி நூலகங்களுக்குப் புத்தகங்கள் போயின. பிறகு படங்கள் எடுத்தார்கள். இதற்கெல்லாம் சந்தாவும் நன்கொடையும் கொடுத்தது நீங்கள் கேலி செய்த அதே டிபன் சங்கங்கள்தான்.

டிபனுக்கே வருகிறேன், அதுதானே உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஞாயிறு காலை, மதப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் தகப்பன் காரிலேயே திரும்பிப் போய்விடுவான். அவனை இறங்க வைக்கத்தான் காலை உணவும் ஒரு பேச்சாளரும். 80 பேர் வருவார்கள் என்றால் பேகல் என்ற வளைய ரொட்டி 80-க்கு மேல் வேண்டும், அன்று காலையே வாங்கினால்தான் மெத்தென்று இருக்கும். உப்பிட்டுப் பதப்படுத்திய சால்மன் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் வைத்தால் பத்துப் பவுண்டு. க்ரீம் சீஸ் ஐந்து பவுண்டு. 100 கப் காபி பாத்திரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தூள், பச்சைத் தண்ணீர். தயாராக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதனால் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஏழரைக்கே ஒருவர் வந்து கதவைத் திறக்க வேண்டும். தூள் நைசாக இருந்தால் வடிகூடை அடைத்து மேலே பொங்கும், கசடு முழுக்கக் காபிக்குள் இறங்கும். சால்மனை முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஓரம் காய்ந்துவிடும். கடைசியில் அடுப்படியைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் பல ஆலயங்களில் அந்த அடுப்படி பெண்கள் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. இதைச் செய்தவர்கள் ஆண்கள். அதுவும் வீட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைமுறை ஆண்கள்.

சுக்கா கட்டுவதையும் சொல்லியாக வேண்டும். யோம் கிப்பூர் என்ற உபவாச நாள் முடிந்து சுக்கோத் என்ற பந்தல் பண்டிகை தொடங்குவதற்குள் இடையில் நாலே நாள். அதற்குள் ஆலய முற்றத்தில் அந்தத் தற்காலிகப் பந்தல் நின்றாக வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்கு நாலு அங்குல மரக்கட்டைச் சட்டம். ஆணி அடித்தால் பிரிக்கும்போது கட்டை பிளக்கும், ஆகவே போல்ட்டும் இறகு நட்டும். ஒவ்வொரு கட்டை முனையிலும் எண் எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருஷம் எது எதோடு சேரும் என்று தேடியே அரை நாள் போய்விடும். சுவருக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் காற்று அதைக் கப்பல் பாயாக்கிப் பந்தலையே தூக்கும். மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் வேண்டும், காலடியில் கான்கிரீட் கல்லோ மணல் மூட்டையோ வேண்டும். கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும்: சோளத்தட்டை, மூங்கில், பைன் கிளை. வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், ராத்திரி நட்சத்திரமும் தெரிய வேண்டும். சோளத்தட்டை இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருங்கும், நிழல் குறையும், அப்போது மேலே போடக் கூடுதல் கட்டு தயாராக இருக்க வேண்டும். மரத்தடியில் கட்டினால் செல்லாது. இத்தனையும் தெரிந்த ஆள் ஊருக்கு நாலு பேராவது வேண்டும். அந்த நாலு பேர் உருவான இடம் பெரும்பாலும் இந்தச் சங்கம்தான்.

"இவர்கள் எல்லோரும் ஜெர்மானிய வழி நடுத்தர வர்க்கம்தானே?" தொடக்கத்தில் பெரும்பாலும் ஆமாம். ஒத்துக்கொள்கிறேன், அடுத்ததுக்குப் போவோம்.

"மஞ்சள் மெழுகுவர்த்தித் திட்டம் இவர்களுடையதுதானே, அதையேன் சொல்லவில்லை?" என்று ஒரு நண்பர் எனக்கு ஆதரவாகவே கேட்டிருந்தார். நன்றி. ஆனால் நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாக மெழுகுவர்த்தி ஏற்றும் அந்தத் திட்டம், மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவு ஆண்கள் சங்கங்களுடையது, 1981-ல் தொடங்கியது. அவர்களின் கூட்டமைப்பு வேறு, 1929-ல் உருவானது. நமக்குச் சாதகமானது என்பதற்காக அடுத்தவர் வேலையை இங்கே சேர்க்க முடியாது.

"தமிழனுக்கு எதற்கு இது?" இதைக் கேட்டவர் அமெரிக்க வரலாறு பற்றிய ஒன்றரை மணி நேர உரையைக் கடைசி வரை கேட்டவர். அப்போது வராத தமிழன், நான் திருத்தம் சொன்னதும் வந்துவிடுகிறான். இந்தியாவில் இதே தாராளவாத யூதத்தை 1925-ல் பம்பாயில் நிறுவியவர் ஜெருஷா ஜிராத், மகப்பேறு மருத்துவர், பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகத்துப் பெண். இந்த மரபில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பது எனக்கும் தெரியும். 1972-ல் சாலி பிரைசாண்ட் ஹீப்ரு யூனியன் காலேஜில் ரபியாகப் பட்டமேற்றது இந்த மரபில்தான். அதைச் சொல்லி ஆண்கள் சங்கத்தை அடிக்க ஒரு காரணமும் இல்லை. ஒரு பக்கம் நிமிர இன்னொரு பக்கம் குனிய வேண்டும் என்று கணக்குப் போடுவது உங்கள் பழக்கம், அவர்களுடையது இல்லை.

பிறகு கதை திரும்பியது. பெண்கள் டிரஸ்டிகள் ஆனார்கள், ரபிகள் ஆனார்கள், தலைவர்கள் ஆனார்கள், நல்லது. ஆண்கள் மறுபடி மெல்ல நழுவினார்கள். இளைஞர் முகாம்களில் பையன்கள் குறைகிறார்கள் என்று 2000-களில் அந்த இயக்கமே வெளிப்படையாகக் கவலைப்பட்டது. 1923-ன் அதே கவலை. இன்று மென் ஆஃப் ரிஃபார்ம் ஜூடாயிசம் என்ற பெயரில் இயங்கும் கூட்டமைப்பு அதே கேள்வியோடுதான் இருக்கிறது.

எனக்கு வலிப்பது ஆணாதிக்கம் என்ற சொல் இல்லை. நாற்காலி போட்டவன், காபி வைத்தவன், யோம் கிப்பூர் அன்று வேதச் சுருள் வைக்கும் பேழை திறந்திருக்கும்போது யாரும் நடக்காதபடி நாள் முழுக்க வாசலில் நின்று கதவைப் பிடித்தவன், இவர்கள் வேலை எல்லாம் வேலையே இல்லை என்ற தொனிதான். மேடையில் பேசியது வரலாறு, கீழே கூட்டிப் பெருக்கியது டிபனா? அந்தக் கைதட்டல் எமோஜி போட்டவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் இருந்தார்கள்.

உரையின் காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே விளக்கக் குறிப்பில் 1913, 1923 என்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் வரிசையாகச் சேர்த்துவிட்டு, அந்த இரண்டு வரியை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று பேச்சாளரே முடிவு செய்யட்டும். கமெண்டைத் திறந்தே வைக்கிறேன். ஆண்டோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன்.