அராய்ஜித்தா, கார்த்தியா? கோல் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

சில நாட்களாக எங்கள் பெங்களூரு ஹாக்கி வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாக்குவாதம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்திய முன்களத்தில் யார் இருப்பார், அராய்ஜித் சிங் ஹுண்டலா, செல்வம் கார்த்தியா என்று. அங்கே துண்டு துண்டாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது, அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருவரில் பெரிய ஆட்டக்காரராக வரக்கூடியவர் அராய்ஜித்தான். ஆனால் அதற்குக் குழுவில் எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை.

அவர்கள் சொல்லும் காரணம் ஜூனியர் கோல் கணக்கு. கணக்கு பெரியதுதான், மறுக்க முடியாது. 2021-ல் புவனேஸ்வர் ஜூனியர் உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிராக ஹாட்ரிக். 2023-ல் கோலாலம்பூரில் கொரியாவுக்கு எதிராக இன்னொரு ஹாட்ரிக். 2024 டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக நான்கு கோல், ஆட்டம் 5-3. இறுதிப் போட்டியில் ஒரே ஆள் நான்கு கோல் போட்டால் யாருக்குமே மயக்கம் வரும். ஆனால் அந்த நான்கில் மூன்று பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் பக்கம் தவறு செய்தால் கிடைக்கும் தனி வாய்ப்பு) வந்தவை. சீனியர் அணியில் கார்னர் அடிக்கும் அந்த இடத்தில் ஹர்மன்ப்ரீத் சிங் நிற்கிறார், அவருக்குப் பின்னால் அமித் ரோஹிதாஸ், ஜுக்ராஜ், சஞ்சய் என்று வரிசையே இருக்கிறது. ஆக, ஜூனியரில் கார்னரில் போட்ட கோல்கள் அவரோடு சீனியர் அணிக்கு அப்படியே கூட வரப்போவதில்லை.

நமக்கு உண்மையில் எங்கே ஓட்டை என்று பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினோம், எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. அந்தத் தொடரில் இந்தியா போட்டது மொத்தம் 15 கோல், அதில் 10 ஹர்மன்ப்ரீத் போட்டவை. மீதி ஐந்துதான் அணியில் இருந்த மற்ற எல்லோருக்கும் சேர்த்து. கார்னர் கிடைக்காத நாளில், கிடைத்தும் எதிரணியின் முதல் ரஷர் (அடிப்பவரை நோக்கி முதலில் ஓடி வருபவர்) பந்தை மறித்துவிடும் நாளில், நம்மிடம் வேறு வழி குறைவு. அதனால் ஓர் இளம் ஃபார்வர்டின் எதிர்காலத்தைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஜெர்மனிக்காரனோ பெல்ஜியம்காரனோ முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, டி-க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) வரும் பந்தை இந்தப் பையன் என்ன செய்கிறான்?

இதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம், ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நேரில் பார்க்க வேண்டும். சாந்திநகர் பக்கம் அக்கித்திம்மனஹள்ளியில் இருக்கிற கரியப்பா ஸ்டேடியத்தில் ஏதாவது மேட்ச் நடந்தால் கோலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ஃபார்வர்டை மட்டும் பாருங்கள். தண்ணீர் அடித்த டர்ஃபில் பந்து சர்ரென்று சீறி வரும். நல்ல ஃபார்வர்ட் அது வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்திருப்பான், முழங்கால் மடங்கி ஸ்டிக் தரையோடு இருக்கும், முதல் தொடுகையிலேயே பந்து டிஃபெண்டர் இல்லாத பக்கம் ஓரடி நகர்ந்திருக்கும். சுமாரான ஃபார்வர்ட் பந்தை அப்படியே காலடியில் நிறுத்துவான், நிமிர்ந்து பார்ப்பதற்குள் டிஃபெண்டரின் ஸ்டிக் வந்து விழுந்துவிடும். அரை வினாடி வித்தியாசம்தான். ஜூனியரில் அந்த அரை வினாடி தாமதம் மன்னிக்கப்படும், சீனியரில் கிடையாது.

இந்த அளவுகோலில் கார்த்தி பலர் நினைப்பதைவிட மேலே நிற்கிறார். அரியலூர்ப் பையன், கோவில்பட்டியில் பயிற்சி எடுத்து வளர்ந்தவர். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் முதல் சர்வதேச ஆட்டமே பாகிஸ்தானோடு, அதிலேயே கோல். அடுத்த வருடம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மலேசியாவுக்கு எதிராக முதல் கோல் அவருடையது, அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக இன்னொன்று. என் கண்ணுக்கு அவருடைய பலம் பந்து இல்லாத நேரத்து ஓட்டம். டிஃபெண்டர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் அவர் இடம் மாறிவிடுவார். எதிரணி பந்தோடு வெளியே வரும்போது நடுவழியை அடைத்துக் கோட்டோரமாகத் தள்ளுவதிலும் சோம்பல் கிடையாது. இதெல்லாம் ஸ்கோர்கார்டில் ஏறாது.

சரி, அப்படியானால் ஏன் அராய்ஜித் மேல் என்கிறேன்? சீனியர் அணியில் கிடைத்த கொஞ்ச வாய்ப்பிலேயே ஜூனியர் பெயரை மட்டும் நம்பி வரவில்லை என்று காட்டிவிட்டார். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹுலுன்பைரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவுக்கு எதிராக இரண்டு, கொரியாவுக்கு எதிராக ஒன்று. உடம்பில் வலு இருக்கிறது, டிஃபெண்டர் மோதினாலும் பந்து அவரிடமே இருக்கும், ஷாட் எடுக்க யோசிக்க மாட்டார். வயதிலும் இளையவர். அப்புறம் ஒலிம்பிக் அணியில் வெறும் 16 பேர்தான். அந்தக் கணக்கில் ஃபார்வர்டாகவும் ஆடி, ஹர்மன்ப்ரீத் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் டிராக் ஃப்ளிக்கும் (கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் அடி) எடுக்கக்கூடிய ஒருவர் எந்தக் கோச்சுக்கும் தங்கம். அவருடைய கார்னர் திறமையை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். ஆனால் பந்து பறிபோன பிறகு பின்னால் ஓடி வருவதில் அவர் இன்னும் நிறைய முன்னேற வேண்டும். கோல் போட்டே வளர்ந்த பையன்களுக்கு அந்தப் பழக்கம் தாமதமாகத்தான் வரும்.

“டேய், நம்ம பையனை விட்டுட்டு பஞ்சாப் பையனுக்கு வக்காலத்து வாங்குறியா?” என்று ஆஸ்டின் டவுன் நண்பர் ஒருவர் கோபமாகக் கேட்டார். தமிழ்நாட்டுப் பையன் இந்திய ஜெர்ஸியில் ஓடும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். அதனால்தான் சொல்கிறேன், கார்த்திக்கு இன்று தேவை நம் கைத்தட்டலைவிட மேட்ச். சென்னையில் அவ்வளவு நன்றாக ஆடியவர் பெயர் அடுத்த மாதம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியில் இல்லை. பாரிஸ் அணியிலும் இல்லை. 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு ஸ்டாண்ட்பை. அதன் பிறகு அஸ்லான் ஷா கோப்பைக்கு மறுபடி அழைப்பு. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இப்படி இருந்தால் எந்த ஃபார்வர்டுக்கும் டி-க்குள் நிதானம் வராது, ஒவ்வொரு பந்தையும் கடைசி வாய்ப்பு மாதிரி அவசரப்பட்டு அடிக்கத்தான் தோன்றும்.

நம் கர்நாடகத்து எஸ்.வி. சுனிலை நினைத்துப் பாருங்கள். சோமவாரப்பேட்டையிலிருந்து வந்தவர், 2012, 2016 இரண்டு ஒலிம்பிக் ஆடியவர். அவரும் கோலாகக் குவித்த ஆள் கிடையாது. வலது ஓரத்தில் அவர் வெட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் பிறந்த கார்னர்கள் எத்தனை! 250-க்கும் மேல் சர்வதேச ஆட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. தொடர்ந்து ஆட விட்டார்கள், அவரும் ஆடினார். இன்றைக்கு இருவருக்கும் நடுவில் நான் பார்க்கும் இடைவெளியில் கால்வாசிதான் திறமை, மீதி வாய்ப்பு.

ஹாக்கி இந்தியா லீக் திரும்பி வந்தது இதில் கொஞ்சம் ஆறுதல், தமிழ்நாடு டிராகன்ஸில் கார்த்திக்கு வெளிநாட்டு டிஃபெண்டர்களோடு மோதும் வாய்ப்பு கிடைக்கிறது. தேசிய முகாம் நடக்கும் பெங்களூருவுக்கு அந்த லீக்கில் ஓர் அணிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம், அதைத் தனியாக எழுத வேண்டும்.

என் ஆசை, இருவரையும் ஒரே முன்களத்தில் நாடுகள் மோதும் புரோ லீக்கில் ஒரு முழு சீசனுக்கு ஆட விட வேண்டும். கார்த்தி ஓடி டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் காலியான இடத்தில் பந்தை வாங்கி அடிக்க அராய்ஜித் மாதிரி ஓர் ஆள் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஆட்டம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எந்த மேட்ச், எந்தச் சூழ்நிலை என்று சொல்லி கமெண்டில் எழுதுங்கள், குறிப்பாகக் கார்த்தியைக் கோவில்பட்டி மைதானத்தில் நேரில் பார்த்தவர்கள்.