கத்தரீனா பார்த்த வேலை

சனிக்கிழமை திரையிடல் முடிந்து படத்தைப் பற்றி ஒருவர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை' என்ற அந்த சோவியத் படம் 1981இல் ஆஸ்கர் வாங்கியதைச் சொன்னார். நாயகி கத்தரீனாவாக நடித்த வேரா அலென்தோவாவின் அழகைச் சொன்னார். ஏமாந்துபோன பெண்ணுக்குக் கடைசியில் நல்ல துணை கிடைத்த கதை என்று முடித்துவிட்டார். அவள் பார்த்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அது வேலைக்குப் போன ஒருத்தியின் கதை. நுழைவுத் தேர்வில் தவறித் தொழிற்சாலையில் சேர்ந்த கத்தரீனா, எந்திரம் பழுதானால் தானே சரிசெய்கிறாள். அதனால்தான் தொலைக்காட்சிக்காரர்கள் அவளைப் பேட்டி எடுக்க வருகிறார்கள். பேராசிரியர் மகள் என்று சொல்லிவைத்த பொய் உடைவதும் அங்கேதான். தொழிலாளி என்று தெரிந்ததும் காதலன் கைவிடுகிறான். வயிற்றில் அவன் குழந்தை.

அப்புறம் விடுதி அறையில் கைக்குழந்தையோடு இரவெல்லாம் படிக்கிறாள். அழுதுகொண்டே அலாரம் வைக்கிறாள். அது அடிக்கும்போது இருபது வருடம் ஓடிப்போயிருக்கிறது. எழுந்து, தன் காரை ஓட்டிக்கொண்டு ஆலைக்குப் போகிறாள், இயக்குநராக.

அந்த அலாரம் எனக்குத் தெரியும். மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது துறைத்தேர்வுக்குப் படித்தேன். நாலு மணிக்கு எழ வேண்டும். அவள் விழித்துவிடக் கூடாதென்று கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். பதவி உயர்வு வந்த அன்று அலுவலகத்தில் வந்த முதல் கேள்வி, "வீட்டுல சார் ஒண்ணும் சொல்லலையா?" பதினோரு வருடமாகிறது. இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அவளுக்குத் துணையாக வரும் கோஷா மட்டும் என்ன, ஆண் என்பதால் முடிவெல்லாம் தனதே என்கிறானே, அவள் பதவி தெரிந்ததும் ஓடிப்போகிறானே என்பீர்கள். சரி, எனக்கும் அந்த இடம் பிடிக்காது. அதற்காக முதல் பாதியை அழித்துவிட முடியுமா? பெண்ணியத்தைக் கலக்காமல் படத்தைப் படமாகப் பாருங்கள் என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். படமாகத்தான் பார்த்தேன். எந்திரமும் புத்தகமும் அலாரமும் திரையில்தான் இருக்கின்றன.

கடைசிக் காட்சியில் திரும்பி வந்த கோஷா சாப்பிடுகிறான். உன்னை எவ்வளவு காலமாகத் தேடினேன் என்கிறாள் அவள். எட்டு நாள் என்கிறான் அவன். அவன் காணாமல்போன நாட்களை மட்டும் எண்ணிச் சொல்கிறான். அவள் தனியாகக் கழித்த இருபது வருடம் அவன் கணக்கில் வரவில்லை. அன்று பேசியவர் கணக்கிலும் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதே படத்தைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.